புறங்கை

நான் போகாத கூட்டத்தில்தான்
என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள்.
பள்ளிப் பேருந்து ஒன்றின் அடியில்
முகமெல்லாம் கிரீஸோடு படுத்திருந்தேன் அப்போது.
மறுநாள் லோர்னா திபோடோ
ஒரு பழைய ஷூ பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள்.
ஒன்பது வருஷத்து ரசீதுகள்,
காலாவதியான காசோலை மூன்று,
கனடாக் காசு கொஞ்சம்,
நீல அட்டை போட்ட கணக்குப் புத்தகம்.
"இனி உன் பாடு" என்றாள்.
வாசல் தாண்டும்போது
அவள் சீட்டியடித்தது கேட்டது.

மெய்ன் மாநிலத்தின் வடகோடி இது.
ஆற்றுக்கு அக்கரை வேறு நாடு, வேறு வரி.
இக்கரையில், தேவாலயத்தின் நிலவறையில்,
வியாழன்தோறும் பதினேழு பிள்ளைகள்
கயிற்றில் முடிச்சுப் போடப் பழகுகிறார்கள்.
மார்ச் வந்தால் மேப்பிள் பாகு விற்கிறார்கள் வீடு வீடாக.
புட்டிக்கு நான்கு டாலர் லாபம்.

நீலப் புத்தகத்தில் ஆளுக்கு ஒரு பத்தி.
விற்றவன் பெயரில் விற்ற லாபம்;
கோடை முகாம் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம்.
நியாயமாகத்தான் பட்டது எனக்கும்.

கோல்பி சிர், வயது பதின்மூன்று:
தொண்ணூற்று மூன்று புட்டி,
முந்நூற்று எழுபத்திரண்டு டாலர்.
அவன் அப்பா வாரம் முழுக்க மரம் வெட்டும் காட்டில்.
கார் இல்லை.
சறுக்குவண்டியில் பெட்டிகளை ஏற்றி
ஏரிச்சாலை நெடுக இழுத்தே நடந்தவன்.

எமரி ஔலெட்: இரண்டு புட்டி.
ஒன்று அவன் அம்மா வாங்கியது, ஒன்று நான்.

வரித்துறையின் விளக்கத்தை
மூன்று ராத்திரி படித்தேன்.
மூன்றாம் ராத்திரி புரிந்தது;
புரியாமலே இருந்திருக்கலாம்.
தொண்டு என்று சொல்லித்தான் வரி கட்டாதிருக்கிறோம்.
திரட்டியது எல்லார்க்கும் என்றால்தான் தொண்டு.
விற்றவன் பத்தியில் விழுந்த கணமே
அதற்குப் பெயர் கூலி.

சொன்னேன்.
மடக்கு நாற்காலிகள் கிறீச்சிட்டன.
"பத்திகளை எடுத்துவிடுகிறோம். இனி ஒரே சட்டி, ஒரே அகப்பை."
"இதென்ன ரஷ்யாவா?" என்றார் ஒரு தகப்பன்.
இரண்டு பேர் சிரித்தார்கள்.
கோல்பி கை தூக்காமல் கேட்டான்:
"அப்போ எமரியும் முகாமுக்கு வருவானா?"
"வருவான்."
எமரி குனிந்து
அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினான்.
"சரி" என்றான் கோல்பி.

அந்தச் சரியை வரவில் வைப்பதா, செலவிலா?

ராத்திரி அடிக்கோல் வைத்து
பதினேழு பெயர்களையும் சிவப்பில் அடித்தேன்.
என் பையிலிருந்து அவனுக்குக் கொடுத்துவிட்டால் என்ன
என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.
"மற்ற பதினாறு பேருக்கு?" என்றாள் பெர்னடெட்,
தூக்கத்திலேயே.

மே மாதம் ஆண்டுப் படிவம்.
நிரப்ப ஆறு நிமிஷம்.
பெயர், முகவரி,
வரவு ஐம்பதாயிரத்துக்குள்தானே? ஆம்.
(ஐம்பதாயிரத்தைக் கண்ட குழுவா இது!)
கோல்பியைப் பற்றிக் கேள்வி இல்லை.
அனுப்பு என்ற பொத்தானை அழுத்தியதும்
நன்றி என்று வந்தது.

இந்த மார்ச்சில் அவன் விற்றது நாற்பது.
கோபமா,
இவ்வருஷப் பனியா,
உடைந்துவிட்ட குரலோடு கதவு தட்ட வெட்கமா,
தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.
எமரி பத்தொன்பது.

பாகுக் கையோடு யாரோ பணம் வாங்கியிருக்கிறார்கள்.
நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.
சமையலறை மேசையில் பிரித்துப் பிரித்து
இரண்டு தரம் எண்ணினேன்.
கணக்கு நேராக நின்றது.

விளக்கை அணைக்க எழுந்தபோதுதான்
புறங்கையில் பிசுபிசுப்பு.
வீட்டில் யாரும் விழித்திருக்கவில்லை.
குழாயைத் திறந்தேன்.
வெந்நீர் வரும்வரை காத்திருந்து
கழுவினேன்.